புதுப்பிப்பு: ஆல்கலினிட்டி ஏறாத பவளத் தொட்டி, காரணம் மெக்னீசியம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருகிறவர்களுக்கு, என் கேள்வி இதுதான்: மார்த்தாண்டத்தில் உள்ள பவள உயிரிகள் வளர்க்கும் என் 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் சமையல் சோடா எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு; அலகு டிகேஎச்) 6 டிகேஎச்சைத் தாண்டவில்லை. பம்பின் இம்பெல்லரிலும் (உள்ளே சுழலும் விசிறி), அலை எழுப்பும் வேவ்மேக்கரிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு வேறு.

நாகர்கோவில் அண்ணாச்சி சொன்னதுதான் சரி. மெக்னீசியம் 1100 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தது; இயல்பான கடல்நீரில் சுமார் 1300 இருக்கும். அது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து எளிதில் படிந்துவிடும். நாம் ஊற்றுவதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் பம்புக்குத் தீனி. மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் மொத்தம் 335 கிராம் எடுத்து, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நாளுக்கு 50 பிபிஎம்முக்கு மேல் ஏறாதபடி பிரித்து ஊற்றினேன். 1300 வந்ததும் மறுபடி சோடா. இப்போது 8.5 டிகேஎச், கால்சியம் 420; அப்படியே நிற்கிறது. பழைய படிவு வினிகரில் ஊறவைத்ததும் போய்விட்டது.

டெஸ்ட் கிட் பழுது என்றவர்களுக்கு: வேறு கிட்டிலும் அதே அளவுதான். தேங்காப்பட்டணத்துக் கடல்நீரை எடுத்து ஊற்றும் யோசனையை விட்டுவிட்டேன். ஆறு கலக்கும் இடம், மழைக்காலத்தில் உப்பு இறங்கிவிடும்.

எதிர்பாராத ஒன்று: ஆல்கலினிட்டி சரியான பிறகும் பிஎச் 7.8லேயே கிடந்தது. மழைக்கு ஜன்னலை அடைத்து வைத்ததில் அறைக்குள் கரியமில வாயு தங்கி, தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்கியிருக்கிறது. காற்றுக் குமிழி விட்டு அழுக்கை நுரையாக எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே நீட்டினேன், 8.1க்கு ஏறியது. அப்புறம், குழாய் முனையில் கொசுவலைத் துண்டு கட்டிவிடுங்கள். நம்ம ஊர் எறும்பு சும்மா இருக்காது.