எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்: ‘ஏற்றிறக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

டிஜிகேம் என்ற ஒளிப்பட மென்பொருளின் பட்டியல்களை (மெனுக்களை) தமிழாக்கும் வேலை ‘எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்’ என்ற இடத்தில் நிற்கிறது. ‘அடைப்பிடல்’, ‘அடுக்கெடுப்பு’ என்று இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். அவற்றில் பல, கேமராவில் நாம் செய்யும் செயலை விட்டுவிட்டு, பிறகு கணினியில் நடக்கும் வேலைக்குப் பெயர் வைக்கின்றன. முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பிரிக்காவிட்டால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அடுத்த மென்பொருளில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்போம்.

செயல் இதுதான். கேமராவின் ஒளிமானி ஓர் அளவைச் சொல்கிறது. அந்த அளவில் ஒரு படம், அதைவிட ஒளியைக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. காட்சி மாறாது, சட்டகம் மாறாது, உள்ளே விடும் ஒளியின் அளவு மட்டும் மாறும். அந்த மூன்று படங்களையும் வைத்துப் பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பது இந்தச் செயலுக்குள் வராது.

ஓர் எடுத்துக்காட்டு. மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையில் தூண் வரிசைக்குள் நின்று முற்றத்தைப் பார்த்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வளைவுகளின் உட்புறச் சுதை வேலைப்பாடு நிழலில் இருக்கிறது, முற்றத்தில் நண்பகல் வெயில். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, துளை (லென்சில் ஒளி நுழையும் திறப்பு) எஃப்/8 என்று நிறுத்திக்கொண்டால் முற்றத்துக்கு 1/500 வினாடி போதும். நிழலின் இருண்ட மூலைக்கு 1/2 வினாடி வரை தேவைப்படலாம். 1/500-இலிருந்து ஒவ்வொரு முறையும் ஒளியை இருமடங்காக்கிக்கொண்டே போனால் எட்டாவது முறை 1/2-க்கு வந்து சேர்வோம். இரண்டிரண்டு முறையாகத் தாண்டினால் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 என்று ஐந்து படங்கள். இதைத் துளையை மாற்றிச் செய்யக் கூடாது. துளை மாறினால் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியும் என்பதும் மாறிவிடும், அப்புறம் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓவும், வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையும் நகரக் கூடாது. கேமராவை முக்காலியில் வைத்து இரண்டு வினாடி டைமரைப் போட்டுவிட்டால், பல கேமராக்கள் ஒரே அழுத்தலில் எல்லாப் படங்களையும் வரிசையாக எடுத்துவிடும்.

இதை எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச், அதாவது மிகப் பிரகாசமான இடமும் மிக இருண்ட இடமும் ஒன்றாகத் தெரியும்) படத்துக்கான தயாரிப்பு வேலையாக மட்டும் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. எச்டிஆர் என்ற பேச்சு வருவதற்கு வெகு காலம் முன்பே ஸ்லைடு பிலிமில் இதைச் செய்தார்கள். ஸ்லைடு பிலிம் பிழையைப் பொறுக்காது. ஒளி கொஞ்சம் கூடினாலே வானம் வெளுத்துவிடும். அதனால் பத்திரிகைக்கு வேலை செய்தவர்கள் மானி சொன்ன அளவில் ஒன்றும், சற்றுக் கூட்டியும் குறைத்தும் இரண்டும் எடுத்து, ஒளிப்பெட்டி மேல் பரப்பி, நல்லதாக ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். படங்களைச் சேர்ப்பது என்ற பேச்சே அங்கே இல்லை. ஆகவே சேர்த்தல், கலத்தல், இணைத்தல் என்ற பொருள் எந்த வடிவிலும் இந்தச் சொல்லுக்குள் வரக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. இந்தச் செயல் இல்லாமலே எச்டிஆர் உண்டு. அணுகுண்டு வெடிப்பைப் பதிவு செய்யச் சார்லஸ் வைகாஃப் உருவாக்கிய பிலிமில் வெவ்வேறு ஒளியுணர்வு கொண்ட மூன்று பூச்சுகள் இருந்தன. ஒரே ஒரு முறை திறந்து மூடினால் போதும், குறைந்த ஒளியை ஒரு பூச்சும் கண் கூசும் ஒளியை இன்னொன்றும் பிடித்துக்கொள்ளும். நம் காலத்தில் கூகுளின் எச்டிஆர்+ முறை, ஒளியைக் குறைத்து ஒரே அளவில் பல படங்களை மளமளவென்று எடுத்து, ஒன்றாக்கி, இரைச்சலை (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கலங்கலை) தணித்து, நிழலைத் தூக்கிக் காட்டியது. அளவை மாற்றி எடுக்கும் படங்களை அதில் சேர்த்தது பிறகுதான். அப்போது அதை ‘எச்டிஆர்+’ என்று மட்டும் சொல்லாமல், ‘பிராக்கெட்டிங்குடன்’ என்று தனியாகச் சேர்த்துத்தான் அறிவித்தார்கள்.

நம் கையில் இருக்கும் டிஜிகேமுக்கே வருவோம். அதில் ஏற்கெனவே எடுத்து வைத்த இத்தகைய படங்களைக் கலக்கும் கருவி என்ஃபியூஸ் நிரலைக் கொண்டு வேலை செய்கிறது. அதன் அடிப்படை மெர்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-இல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு படத்திலும் எந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறதோ அதற்குக் கூடுதல் எடை கொடுத்து நேரடியாகச் சாதாரணப் படம் ஒன்றைச் செய்வது அது. டெபெவெக்கும் மாலிக்கும் 1997-இல் காட்டிய வழி வேறு. அவர்கள் பல அளவுகளில் எடுத்த படங்களிலிருந்து கேமராவின் இயல்பு வளைவை (எவ்வளவு ஒளிக்கு எந்த அளவில் பதிகிறது என்பதை) கண்டுபிடித்து, காட்சியில் இருந்த உண்மையான ஒளி விகிதங்களையே ஒரு கோப்பாக மீட்டார்கள். எச்டிஆர் படம் என்று முறையாகச் சொல்ல வேண்டியது அந்தக் கோப்பைத்தான். டிஜிகேமின் கருவி அப்படி ஒரு கோப்பைச் செய்வதே இல்லை. எனவே அந்தப் பட்டியலில் எச்டிஆருக்கான தமிழ்ச் சொல்லை நுழைக்கலாம் என்ற யோசனை, எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும், தகவல் பிழை.

இனி வந்த சொற்கள்.

‘அடைப்பிடல்’ அடைப்புக்குறியிலிருந்து வந்தது என்பது தெளிவு. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பீரங்கிக்காரர்களிடமும் ஒரு பயன்பாடு உண்டு. இலக்குக்கு அப்பால் ஒரு குண்டு, இப்பால் ஒரு குண்டு என்று விழ வைத்து, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து இலக்கை நெருங்குவார்கள். கேமராக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்தப் பொருள் ‘அடைப்பு’ என்ற தமிழ்ச் சொல்லில் துளியும் இல்லை. கேமராவில் ‘அடைப்பு’ என்று வந்தால், ஒளி போகும் வழியை ஏதோ மறைத்துவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

‘படியெடுப்பு’ என்றால் நகல் எடுப்பது. ஓலைச்சுவடியிலிருந்து இன்றுவரை அதுதான் பொருள். படி என்ற சொல் எனக்கு வேண்டும், கீழே சொல்கிறேன், ஆனால் இந்தக் கூட்டு வேண்டாம். ‘அடுக்கெடுப்பு’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்க்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது, அங்கே செலவழிப்போம். ‘அணைவெடுப்பு’ இரு பக்கமும் அணைத்து நிற்பதைச் சொல்ல வந்தாலும், விளக்கோடும் ஒளியோடும் தொடர்புள்ள இடத்தில் ‘அணை’ வந்தால் வேறு பொருள் முந்திக்கொள்ளும். ‘ஒளிவிலக்க எடுப்பு’ இயற்பியல் படித்தவர் கண்ணில் ஒளிவிலகலாகத் தெரியும். ‘தொடரெடுப்பு’ அளவு மாறாமல் வேகமாகப் பல படம் எடுக்கும் முறைக்கு உரியது.

நான் முன்வைப்பது ‘ஏற்றிறக்கம்’. வினையாக வரும்போது ‘ஏற்றியிறக்கி எடு’.

அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றி இறக்குவதுபோல, ஒளியின் அளவைக் கையால் கூட்டிக் குறைப்பதற்கு நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் வினை இது. வகுப்பில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ‘வானம் வெளுக்கும்போல இருக்கிறது, ஏற்றியிறக்கி மூன்று எடுத்துக்கொள்’ என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை. கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் முதல் சோதனை இதுதான். வேலை நடக்கும் இடத்தில் அவசரமாகச் சொன்னால் மற்றவர் கை நகர வேண்டும்.

சந்தை விலையின் ஏற்ற இறக்கம் நினைவுக்கு வருகிறதே என்று கேட்பீர்கள். ஏறி இறங்குவது தானாக நடப்பது, ஏற்றியிறக்குவது நாம் செய்வது. வினை வடிவம் இதைத் தெளிவாகவே காட்டுகிறது. பெயர் வடிவத்தில் கொஞ்சம் மங்கல் இருப்பது உண்மை. கேமராப் பட்டியலுக்குள் வரும் சொல்லைப் பங்குச் சந்தையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதை ஏற்கலாம்.

எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ வேண்டாம். முகபாவத்துக்கும் கருத்துக்கும் உரிய சொல் அது. ‘ஒளியேற்பு’ நன்றாக இருக்கிறது, உணரி ஒளியை ஏற்பதைச் சொல்கிறது. ஆனால் ‘ஒளியேற்பு ஏற்றிறக்கம்’ என்று இரண்டையும் சேர்த்தால் நாக்கு புரளும், பொத்தானிலும் அடங்காது. தனியாக ‘ஏற்றிறக்கம்’ போதும். எதை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஒளி ஏற்றிறக்கம்’. ஃபிளாஷ், ஐஎஸ்ஓ, வெண்சமநிலை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும், எல்லாமே எண்ணில் ஏறி இறங்கும் அளவுகள். ஃபோகஸுக்கு என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எழுந்தது. அது உண்மையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. பெரும்பாலான கேமராக்கள் அதை நடுவில் வைத்து இருபுறமும் எடுப்பதில்லை. அருகில் தொடங்கித் தொலைவு நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே எடுக்கின்றன. நிக்கான் அதற்குப் பிராக்கெட்டிங் என்று பெயர் வைக்காமல் ‘ஃபோகஸ் ஷிஃப்ட்’ என்று வைத்திருக்கிறது. நாமும் ‘குவிய நகர்த்தல்’ என்று வைக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டியதில்லை.

‘ஸ்டாப்’ என்பதற்குப் ‘படி’. பழைய கேமராக்களில் லென்சுக்குள் செருகிய துளைத் தகடுகளின் பெயர் அந்த ஆங்கிலச் சொல், அதை ‘நிறுத்தம்’ என்று எழுதினால் பேருந்துதான் வந்து நிற்கும். ஒரு படி ஏற்றினால் ஒளி இருமடங்கு, ஒரு படி இறக்கினால் பாதி. அப்போது பட்டியல் வரி ‘ஏற்றிறக்கம்: 3 படம், 2 படி’ என்று சுருக்கமாக அமையும்.

எச்டிஆரின் ‘டைனமிக் ரேஞ்ச்’, அதாவது மிகப் பிரகாசமான ஒளிக்கும் மிக மங்கலான ஒளிக்கும் உள்ள இடைவெளி பற்றி நீண்ட விவாதம் ஓடியது, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இயங்கு’ என்ற அடை வேண்டாம், எதுவும் அங்கே இயங்கவில்லை, அசையும் படமோ என்று எண்ண வைக்கும். ‘வீச்சு’ போதும். புள்ளியியல் பாடத்தில் மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வீச்சு என்றுதான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘பெருவீச்சுப் படம்’, ‘பெருவீச்சுத் திரை’ இரண்டும் இயல்பாக வருகின்றன. ‘ஒளிவீச்சு’ என்று மட்டும் சேர்க்க வேண்டாம், அது கதிர் வீசுவதாகிவிடும். டோன் மேப்பிங்குக்கு ‘வீச்சடக்கம்’ என்று நினைத்தேன், பெருவீச்சைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவதால்.

ஒரு சொல் தாங்குமா என்று பார்க்க அதைப் பத்தியில் ஓடவிட வேண்டும். முழுச் சூரிய கிரகணத்தை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இன்றைய நல்ல உணரிகள் 14 படி வரை ஒரே படத்தில் பிடிக்கும்போது இந்தச் சொல்லுக்கு இனி என்ன வேலை என்ற கேள்விக்கும் அது பதில் தருகிறது:

“2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் தெரிந்த முழுக் கிரகணத்தில், முழு மறைப்பு அதிகபட்சம் 4 நிமிடம் 28 வினாடி நீடித்தது. சூரியனின் விளிம்பை ஒட்டிய ஒளிவட்டம் பிரகாசமானது, வெளியே போகப் போகச் சட்டென்று மங்கிவிடும். விளிம்பில் எழும் சிவந்த பிழம்புகளுக்கு 1/1000 வினாடி போதும் என்றால், வெளி ஒளிவட்டத்தின் இழைகளுக்கு ஒரு வினாடி வேண்டியிருக்கும், அதாவது பத்துப் படி. இரண்டு படி இடைவெளியில் ஏற்றியிறக்கி ஆறு படங்கள் எடுத்து, அதே வரிசையை மறைப்பு முடியும்வரை திரும்பத் திரும்ப ஓட விட வேண்டும். அதற்கு மேலும் ஏற்றினால் பூமியிலிருந்து எதிரொளிக்கும் ஒளியில் நிலாவின் முகமே தெரியத் தொடங்கும். செக் நாட்டுக் கணிதவியலாளர் மிலோஸ்லாவ் ட்ரக்முல்லர் இப்படி எடுத்த ஏராளமான படங்களை அடுக்கி, ஒளிவட்டத்தின் காந்தப்புல இழைகளைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்.”

இந்தப் பத்தியில் ‘ஏற்றியிறக்கி’, ‘ஏற்றினால்’, ‘படி’, ‘அடுக்கி’ நான்கும் அடிக்குறிப்பு இல்லாமலே நின்றுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக ‘அடைப்பிட்டு’, ‘நிறுத்தம்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

எனக்கு இன்னும் சரியாக வராத இடம் ஒன்று. படங்களுக்கு இடையே மரக்கிளை அசைந்தாலோ யாராவது நடந்தாலோ, அடுக்கும்போது அரைகுறை உருவங்கள் பதிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘கோஸ்டிங்’ என்கிறார்கள். ‘பேயுரு’ என்று நேராகப் பெயர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. ‘அசைவுத் தடம்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அது வேண்டுமென்றே நீள ஒளியேற்பில் எடுக்கும் வாகன விளக்குக் கோடுகளுக்கும் பொருந்திவிடுகிறது. திரைத்துறையில் படத்தொகுப்பு, ஒளிப்பதிவு செய்யும் நண்பர்கள் தளத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், அதை வைத்து இந்தத் தொகுதியை முடித்துவிடலாம்.

அன்புடன்