புதுப்பிப்பு: மூக்கு மறு ஆபரேஷன் முடிந்தது, விலாக் குருத்தெலும்பு வைத்தார்கள்

முதல் ஆபரேஷனில் மூக்கின் மேட்டைச் சீவியபின் நடுப்பகுதி உள்வாங்கி மூச்சும் அடைக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மறு ஆபரேஷன் முடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் மூச்சு தாராளமாகப் போகிறது.

கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. இழுத்தால் மூச்சு சீராகிறது என்றதும் டாக்டர் உள்ளேயும் சோதித்து, உள் வால்வு (மூக்குக்குள் காற்று போகும் வழியில் மிகக் குறுகலான இடம்) இன்னும் குறுகிவிட்டது என்றார். அதற்கு ஸ்ப்ரெடர் கிராஃப்ட்: மூக்கின் நடுச்சுவருக்கும் மேல் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையில், தீக்குச்சி மாதிரி மெல்லிய குருத்தெலும்புத் துண்டுகளை வைத்துத் தைப்பது. மூக்கின் மேல் தெரிந்த தலைகீழ் 'வி' நிழலும் அதிலேயே மறைந்தது.

அந்தத் துண்டுகளுக்கு எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. நடுச்சுவர்க் குருத்தெலும்பை முதல் தடவையே எடுத்துவிட்டார்கள். காதில் கிடைப்பது வளைவானது. நேரான தாங்கலுக்கு அவ்வளவு சரிவராது. ஆகவே விலா. அது பின்னால் வளையலாம் என்று இங்கே ஒருவர் எச்சரித்தது நியாயம்தான். அதனால் விலாத் துண்டின் மையப்பகுதியிலிருந்து செதுக்கி, சலைனில் (உப்பு நீரில்) கொஞ்ச நேரம் போட்டு, வளைகிறதா என்று பார்த்த பிறகே வைத்தாராம்.

எதிர்பாராதது நெஞ்சு வலி. மூக்கு வலி அதன் பக்கத்தில்கூட வராது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே உதவுகிறது.

நுனி வீக்கம் இன்னும் இருக்கிறது. மறு ஆபரேஷனில் பழைய தழும்பும் சேர்வதால் அது முழுசாக வடிய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாமாம்.