பின்னங்கால் இழுபட்டால் முதுகில் கட்டிதானா? உங்கள் அனுபவம்

வெள்ளவத்தை அக்கா:
எங்கள் டாஷண்ட் நாய் சோபாவிலிருந்து குதித்ததும் ‘வீல்’ என்று கத்தியது. அதோடு சரி, பின்னங்கால் இரண்டையும் டைல்ஸ் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது. கட்டி என்றுதான் பயந்தேன். டொக்டர் முதலில் கேட்டது, “திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா?” பிறகு பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் மட்டும் போதாதாம். வலி மூளைக்குப் போகிறதென்றால் நாய் திரும்பிப் பார்க்கும் அல்லது முனகும். எங்கள் துரை அவரைக் கடிக்கவே போனார். மனுசன் சந்தோசப்பட்டார்! டிஸ்க் பிதுங்கல், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை வெளியே தள்ளியிருந்தது. இந்தக் குட்டைக்கால் இனங்களுக்கு டிஸ்க் இளவயதிலேயே காய்ந்து இறுகிவிடுமாம். மருந்தோடு கூண்டுக்குள் ஓய்வு. தானாகச் சலம் போக முடியாததால் சலப்பையையும் நாங்கள்தான் அழுத்திவிட்டோம். இப்போது நடக்கிறது, இடுப்பு மட்டும் கொஞ்சம் ஆடும்.

ரொறன்ரோவிலிருந்து திரும்பியவன்:
அக்கா, நான் அங்கே ஃபெரெட் வளர்த்தவன். கீரி மாதிரி நீள உடம்பு. 30 பாகை வெக்கையே அதற்கு ஆபத்து, கொழும்புக்கு எப்படிக் கொண்டுவருவது? தம்பியிடம் விட்டுவிட்டேன். மூத்ததுக்கு வால் நுனியில் மயிர் கொட்டி, கடலை அளவில் கெட்டியாக ஓர் உருண்டை. கோர்டோமா என்றார்கள். கருவில் இருக்கும் முதுகுநாணின் மிச்சத்திலிருந்து வளர்வது. ஃபெரெட்டின் முள்ளந்தண்டில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். வால் நுனியில் வந்தால் கட்டிக்கு மேலே வாலை வெட்டிவிடுவார்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். கழுத்தில் வந்தால்தான் வில்லங்கம்: முண்ணாணை (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) நெரித்துக் கால்களைத் தளர்த்தும், முழுதாக எடுப்பதும் கஷ்டம்.

இளையதன் கதை வேறு. பின்னங்கால் தள்ளாட்டம், வெறித்த பார்வை, எச்சில் வடிய வாயைப் பிறாண்டல். நான் முதுகு முதுகு என்று புலம்ப, அவர்கள் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 60 mg/dLக்கும் கீழே! கட்டி சதையியில் (கணையம்), அது இன்சுலினை அதிகமாகச் சுரந்து சர்க்கரையை இறக்கிவிடுமாம். ஃபெரெட்டின் பின்னங்கால் தளர்ந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை:
எங்கள் கிழட்டு லாப்ரடோர் மெதுமெதுவாகத்தான் தளர்ந்தது. பாதம் மடிந்து மடிந்து நகத்தின் மேல்பக்கம் தேய்ந்து போயிருந்தது, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். எக்ஸ்ரே சுத்தம். எலும்பை அரிக்காமல் முண்ணாணோடு வளரும் கட்டி எக்ஸ்ரேயில் தெரியாதாம், எம்ஆர்ஐ வேண்டும். வயதைப் பார்த்து நாங்கள் அதற்குப் போகவில்லை. அது சரி அக்கா, கூண்டு என்ன அளவு?

வெள்ளவத்தை அக்கா:
எழும்பி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும் தம்பி. பாவம் பார்த்துப் பெரிதாகச் செய்யாதீர்கள், உள்ளேயே குதிக்கும்.