மறு: 'எக்ஸ்போஷர்' – 'வெளிப்பாடு' சரிதானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். செய்தி ஒருவரை எட்டுவதை, அவர் கண்ணிலோ காதிலோ விழுவதை, ஊடக ஆய்வில் 'எக்ஸ்போஷர்' என்கிறார்கள். நம் கலைச்சொற்பட்டியலில் அதற்கு 'வெளிப்பாடு' வேண்டாம், 'செய்திப்படல்' போடலாம் என்கிறேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> 'ஊடக வெளிப்பாடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

போன மாதம் என் மாணவி ஒருத்தி ஆய்வுக்காக வீடுவீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினாள். நானும் கூடப் போயிருந்தேன். 'வாரத்தில் எத்தனை நாள் உங்களுக்குத் தொலைக்காட்சிச் செய்தி வெளிப்பாடு உண்டு?' என்று வாசித்தாள். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, 'நான் டிவியில எல்லாம் வந்ததில்லையே கண்ணு' என்றார்.

அவர் புரிந்துகொண்டதுதான் சரியான தமிழ். கோபம் வெளிப்படும், திறமை வெளிப்படும்; உள்ளே இருப்பது வெளியே வரும். நாம் சொல்ல வந்ததோ வெளியே இருப்பது ஆள்மேல் வந்து விழுவதை. திசையே தலைகீழ். 'வெளிப்பட்டோர், வெளிப்படாதோர்' என்று ஆய்வேட்டில் எழுதிப் பாருங்கள், விபரீதம் தெரியும்.

இந்த ஒரு சொல்லில் இடறினால் அரசியல் கற்றல், அதாவது மக்கள் செய்தியிலிருந்து அரசியலை அறிந்துகொள்வது, பற்றிய பாடம் முழுக்க இடறும். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்து ஈரி கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டு குழுவினர் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் செய்தித்தாளும் அவர்களை எந்த அளவுக்கு எட்டின என்பது அன்றைக்கே முக்கியக் கேள்வி. அதைக் 'கவனம்' என்பதிலிருந்து பிரித்து அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஸ்டீவன் சாஃபி. விஸ்கான்சினிலும் பிறகு ஸ்டான்ஃபோர்டிலும் கற்பித்த தொடர்பியல் பேராசிரியர். எத்தனை நாள் செய்தி பார்த்தாய் என்று கேட்டால் மட்டும் போதாது, எவ்வளவு கவனித்தாய் என்றும் தனியே கேட்டால்தான் யார் என்ன கற்றார்கள் என்பது பிடிபடும் என்று 1986இல் உடன் ஆய்வாளர் ஒருவரோடு எழுதிய கட்டுரையில் காட்டினார். நம் பேச்சில் இந்த வேறுபாடு என்றைக்கும் உண்டு: காதில் விழுவது வேறு, காது கொடுப்பது வேறு.

அதனால்தான் 'படு' என்ற வினையிலிருந்து 'செய்திப்படல்' என்று சொல்கிறேன். வெயில் படுகிறது, நிழல் படுகிறது, கண்ணில் படுகிறது. செய்திபட்டோர், செய்திபடாதோர், படல் அளவு என்று தடையில்லாமல் கிளைக்கிறது. அன்றைக்கே கேள்வியை மாற்றி, 'வாரத்தில் எத்தனை நாள் டிவி செய்தி உங்க கண்ணிலோ காதிலோ படுது?' என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா யோசிக்கவேயில்லை: 'தினமும்தான். அவர் போட்டுவிட்டுடுவார். நான் எங்கே உட்கார்ந்து கேட்கிறேன்?'

> 'இன்சிடென்டல் எக்ஸ்போஷர்' என்பதற்குத் 'தற்செயல்' போட்டுவிடலாமே?

இதில் எனக்கு உடன்பாடில்லை. கைப்பேசித் திரையில் வந்து நிற்கும் செய்தி தற்செயலாக வருவதில்லை. ஒரு கணினி நிரல் கணக்குப் போட்டு அதை அங்கே வைக்கிறது. இங்கே முக்கியம், பார்ப்பவர் அதைத் தேடவில்லை என்பதுதான். ஆகவே 'தேடாப் படல்'. அரசியல் அறிவியலாளர் மார்க்கஸ் பிரையர் 2007இல் எழுதியதும் இதைத்தான் தொடுகிறது: ஒருசில அலைவரிசைகளே இருந்த காலத்தில் மாலையில் எதைத் திருப்பினாலும் செய்தி, அரசியலில் நாட்டமில்லாதவரும் பார்த்தார், கொஞ்சம் கற்றார். கேபிள் வந்ததும் அந்த நாட்டமில்லாதவர் கேளிக்கைப் பக்கம் போய்விட்டார். நாட்டமுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே அறிவு இடைவெளி அகன்றது. 'தேடாப் படல் குறைந்தது' என்று மூன்றே சொல்லில் இதை எழுதிவிடலாம். செய்தி தானே தன்னைத் தேடி வரும் என்று நம்பி இருப்பவர்களுக்கு நாளடைவில் அரசியல் அறிவு குறைவாகவே இருந்தது என்று தொடர்பியல் ஆய்வாளர் ஹோமெரோ கில் டி ஸூனிகா குழுவினர் 2017இல் கண்டதையும் இதே சொல்லோடு சேர்த்துக் கற்பிக்கலாம்.

> எங்கள் பக்கம் 'படல்' என்றால் ஓலைத்தட்டி. வீட்டு வாசலில் சாத்துவது.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் ஐயா. தனியே நின்றால் அந்தப் பொருள்தான் முதலில் வரும். தென்படல், அகப்படல், புறப்படல் என்று சேர்ந்து வரும்போது யாருக்கும் தட்டி நினைவுக்கு வருவதில்லை. கலைச்சொல்லாக எழுதும்போது 'செய்தி' என்ற முன்சொல்லையோ அடைமொழியையோ விடாமல் எழுதுவோம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் எச்சரிக்கையைச் சொற்பட்டியல் குறிப்பில் சேர்க்கிறேன்.

சாஃபியை விட்டு நகருமுன் இன்னொரு சொல். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பள்ளிப் பிள்ளைகளுக்கான 'கிட்ஸ் வோட்டிங்' திட்டத்தை அவரும் மைக்கேல் மெக்டெவிட்டும் ஆராய்ந்தார்கள். பள்ளியில் தேர்தல் பற்றிக் கற்ற பிள்ளைகள் வீட்டில் பேச்செடுக்க, பெற்றோரும் செய்தியைக் கவனிக்கத் தொடங்கினார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ற பழைய பாதை இங்கே திரும்பிவிட்டது. ஆங்கிலத்தில் 'ட்ரிக்கிள் அப்' என்கிறார்கள். 'மேல்சொட்டல்' என்று ஒரு வரைவில் பார்த்தேன்; சொட்டுவது கீழேதானே விழும்? கிணற்றடியிலிருந்து நீர் மேலே ஊறி வருகிறதே, அதை வைத்து 'மேலூறல்' எனலாமா? கிணறு வெட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், உங்கள் பக்கம் அதற்கு வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.