கீறிய கோடு மூடவில்லை என்றால் 'பரவல் நின்றது' என்று எழுதலாமா?

கேட்டவர்: தட்டும்_டிப்பும்

ஆராய்ச்சியில் எனக்கு முதல் வருடம். ஒரு சேர்மத்தை மார்பகப் புற்றுநோய் செல்களில் போட்டுப் பார்க்கிறேன். செல் எம்டிஏ-எம்பி-231. ஆறு குழித் தட்டில் செல்கள் அடி நிறைய வளர்ந்ததும் 200 மைக்ரோலிட்டர் டிப்பால் நடுவே ஒரு கோடு கீறினேன். உதிர்ந்ததைக் கழுவிவிட்டு மருந்து கலந்த மீடியா ஊற்றினேன். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால், மருந்து போடாத குழியில் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. மருந்து போட்டதில் பாதிக்குமேல் திறந்தே கிடக்கிறது. மூன்று முறை செய்தேன், மூன்றிலும் இதே கதைதான்.

'புற்றுநோய் பரவலைத் தடுக்கும் சேர்மம்' என்று போஸ்டருக்குத் தலைப்பும் எழுதிக்கொண்டு கைடிடம் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார், "எந்தப் பரவலை?" என்று கேட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். திரும்பப் போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அவர் கேட்டதற்கு என்ன அர்த்தம்? அடுத்த வியாழக்கிழமை ஆய்வகக் கூட்டம், அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

---

பழைய_பைப்பெட்:

தம்பி, உங்கள் கைடு கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் தட்டில் இருக்கும் சிக்கல். கோடு மூடுவதற்கு இரண்டு வழி உண்டு. ஓரத்துச் செல்கள் நகர்ந்து வரலாம், அல்லது ஓரத்துச் செல்கள் பெருகி இடத்தை நிரப்பலாம். 48 மணி நேரம் விட்டால் இரண்டும் நடக்கும். உங்கள் மருந்து செல் பெருகுவதை மந்தப்படுத்தினாலும் இதே படம்தான் வரும், செல்களைக் கொன்றாலும் இதே படம்தான். நான் இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டியவன். கடைசியில் ஒரு நாள் வேறு எதற்கோ செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் போட்டு எழுப்பி, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் நீலம் கலந்து எண்ணினேன். மருந்து போட்ட குழியில் செல்கள் பாதிதான் இருந்தன. நகராமல் நின்றன என்று எழுதி வைத்திருந்தேன், நகர ஆளே இல்லை! அந்த எட்டு மாதத்தில் ஒரு பக்கம்கூட ஆய்வேட்டில் சேரவில்லை.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: அதே அளவு மருந்து, அதே நேரம், கீறாத குழிகள். செல்களை எண்ணுங்கள். அப்புறம் கோட்டை 48 மணி நேரத்தில் பார்க்காமல் கீறி 8, 12, 16 மணி நேரத்தில் பாருங்கள், பெருக்கம் குறுக்கே வருவதற்குள். மீடியாவில் செல் பெருக உதவும் சீரம் 10 சதவீதம் இருந்தால் குறையுங்கள். மைட்டோமைசின் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் நஞ்சுதான், உங்கள் மருந்தோடு சேர்ந்து என்ன செய்யும் என்று தனியே ஒரு கன்ட்ரோல் வைக்காமல் அதைத் தொடாதீர்கள். தட்டின் அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி 'எந்தப் பரவல்' என்பதற்கு வருகிறேன். கட்டியிலிருந்து ஒரு செல் கழன்று வர வேண்டும், சுற்றியிருக்கும் புரதச் சல்லடையை அறுக்க வேண்டும், ரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும், அங்கே சாகாமல் இருக்க வேண்டும், எங்காவது ஒட்டி வெளியேற வேண்டும், போன இடத்தில் வளரவும் வேண்டும். உங்கள் கீறல் இதில் முதல் படியின் ஒரு ஓரத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் தட்டையான பிளாஸ்டிக்கில்.

நிறைய பேர் நகர்வதுதான் கஷ்டமான படி என்று நினைக்கிறார்கள். 1970இல் ஐசாயா ஃபிட்லர், கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட பி16 என்ற எலி மெலனோமா (தோல் புற்று) செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்தி எங்கே போகின்றன என்று எண்ணிக்கொண்டே வந்தார். 24 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவை 100க்கு 1 கூடத் தேறவில்லை. ரத்தத்தில் இறங்குவதே பெரிய காரியம் என்று பார்த்தால், இறங்கியவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே வீணாகின்றன. மிச்சம் இருக்கும் சில செல்களால்தான் எல்லாத் தொல்லையும்.

அதற்கும் முன்னால், 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார். கல்லீரலில் கட்டி இருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும். மண்ணீரலுக்கும் தாராளமாக ரத்தம் போகிறது. ரத்தம் கொண்டுபோய்க் கொட்டும் இடத்தில் முளைக்கும் என்றால் இந்தக் கணக்கு வராது. விதை எங்கும் விழும், மண் ஒத்துவந்தால்தான் முளைக்கும் என்றார். 1980இல் ஹார்ட்டும் ஃபிட்லரும் இதைச் செய்தே காட்டினார்கள். எலியின் உடலில் வேறோர் இடத்தில் நுரையீரல், சூலகம், சிறுநீரகத் துண்டுகளை ஒட்டவைத்து, பி16 செல்களை ரத்தத்தில் விட்டார்கள். நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் கட்டி வந்தது, சிறுநீரகத் துண்டில் வரவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது. உங்கள் பிளாஸ்டிக் தட்டில் இந்த மண் எங்கே இருக்கிறது? அதைத்தான் உங்கள் கைடு கேட்டிருக்கிறார்.

---

நீலப்புள்ளி:

நான் எலிச் சோதனைப் பக்கம். மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. ரத்தத்தில் நேராக ஊசி போடும் சோதனைகளிலும் பாதிப் பரவல்தான் இருக்கிறது. வால் சிரையில் செல்களை ஏற்றினால் கட்டியிலிருந்து கழல்வதும் அறுத்து நுழைவதும் நடக்கவே இல்லை. முதலில் போய்ச் சேரும் சல்லடை நுரையீரல், அதனால் அங்கேதான் வரும்.

நாங்கள் பயன்படுத்துவது 4டி1 என்ற எலி மார்பகச் செல். மார்பகக் கொழுப்பில் வைத்தால் கட்டி வரும், அதிலிருந்து தானாகவே நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் போகும். இதில் அழகான வசதி ஒன்று உண்டு. இந்தச் செல்லை 6-தயோகுவானின் என்ற மருந்து கொல்லாது. எலியின் நுரையீரலை எடுத்துப் பொடியாக நறுக்கி, நொதி போட்டுக் கரைத்து, அந்த மருந்து கலந்த மீடியாவில் போட்டு வைப்போம். எலியின் சொந்தச் செல்கள் எல்லாம் செத்துவிடும். பத்து, பன்னிரண்டு நாளில் தட்டில் மிஞ்சியவை நுரையீரலுக்கு வந்து சேர்ந்த கட்டிச் செல்களின் குடும்பங்கள் மட்டும். மெத்திலீன் நீலம் போட்டுக் கழுவினால் மிளகளவு நீலப் புள்ளிகள். உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த நுரையீரலிலிருந்து நூற்றுக்கணக்கில் புள்ளி வந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

மருந்தை எப்போது கொடுக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். மாரிமாஸ்டாட் என்ற மருந்தைப் படித்துப் பாருங்கள். புரதச் சல்லடையை அறுக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்து. இந்த வகை மருந்துகள் எலிகளில் பிரமாதமாக வேலை செய்தன. 1990களில் மனிதர்களுக்குப் போனது, நினைத்தது நடக்கவில்லை. மூட்டு வலிதான் மிச்சம். எலிகளுக்கு ஆரம்பத்திலேயே, பரவுவதற்கு முன் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். சோதனையில் சேர்ந்த நோயாளிகளுக்கோ நோய் முற்றி, ஏற்கெனவே பரவி முடிந்திருந்தது. கதவைப் பூட்டும் மருந்தை எல்லாரும் உள்ளே வந்த பிறகு கொடுத்தால் என்ன பயன்?

---

சந்தேகப்_பேர்வழி:

எல்லாரும் பெரிய கதைக்குப் போய்விட்டீர்கள். நான் சின்னதாகக் கேட்கிறேன். உங்கள் செல் உண்மையில் 231தானா? யாரிடமிருந்து வாங்கியது, எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனை முறை தட்டு மாற்றி வளர்த்தது? எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் பரவலுக்கு மாதிரி என்று ஊரே பயன்படுத்தியது. 2000இல் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தபோது அது மெலனோமா கூட்டத்தோடு போய் நின்றது. பிறகு பார்த்தால் எம்14 என்ற மெலனோமா செல்லும் அதுவும் ஒன்றே. அதை வைத்து எழுதிய கட்டுரைகளை யோசித்துப் பாருங்கள். செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்க்கும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்புங்கள், கூடவே தட்டில் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணுவதற்கு எம்டிடி என்ற நிறச் சோதனை போதும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். மஞ்சள் ஊதாவாக மாறுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தால். நிறம் பாதியாகக் குறைந்தால் பாதிச் செல் செத்தது என்று அர்த்தமில்லை, எல்லாச் செல்லும் சோம்பேறியாகியிருக்கலாம். அந்தச் சோம்பேறிகள்தான் ஆபத்து. 2010இல் பிசி9 என்ற நுரையீரல் புற்றுச் செல்களுக்கு அளவுக்கு அதிகமாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 100க்கு ஒன்றுக்கும் குறைவாகச் சில செல்கள், பெருகாமல் சும்மா உட்கார்ந்து தப்பித்தன. மருந்தை எடுத்துவிட்டு வளரவிட்டால் மறுபடி மருந்துக்குச் சாகும் செல்களாகவே ஆயின. மரபணு மாறித் தப்பித்தவை அல்ல, பதுங்கியவை. ஆகவே மருந்தைக் கழுவிவிட்டு ஒரு வாரம் தட்டை வைத்திருந்து பாருங்கள். மீண்டும் எழுந்தால் அதையும் எழுதுங்கள்.

நோயாளியின் கட்டியிலிருந்தே வளர்க்கும் முப்பரிமாணக் குட்டிக் கட்டி, அதாவது ஆர்கனாய்டு இருந்தால் இன்னும் நல்லது. லண்டன் குழு ஒன்று 2018இல் பரவிய குடல், இரைப்பைப் புற்றுகளில் செய்தது. ஆர்கனாய்டில் வேலை செய்யாத மருந்து நோயாளியிடமும் வேலை செய்யவில்லை, அதில் தவறே வரவில்லை. வேலை செய்தவற்றில் 88 சதவீதம்தான் நோயாளியிடமும் பலித்தது. தட்டு 'இல்லை' என்று சொன்னால் நம்பலாம், 'ஆம்' என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

தட்டும்_டிப்பும்:

எல்லாருக்கும் நன்றி. முதல் விஷயம், நான் தம்பி இல்லை, தங்கை.

எண்ணினேன். 48 மணியில் மருந்து போட்ட குழியில் மூன்றில் ஒரு பங்கு செல்கள் குறைவு. பழைய பைப்பெட் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, எட்டு மாதத்துக்குப் பதில் ஆறு வாரம். 12 மணியில் எண்ணிக்கை இரண்டு குழியிலும் ஒன்றுதான், கோட்டில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி கண்ணைப் பறிக்கவில்லை. மார்க்கர் கோடும் நான் போட்டிருக்கவில்லை. செல் பக்கத்து ஆய்வகத்திலிருந்து வந்தது, குப்பியில் பாசேஜ் எண் அழிந்திருந்தது. எஸ்டிஆருக்கு அனுப்பிவிட்டேன்.

மேட்ரிஜெல் என்ற புரதக் கூழைப் பூசி, செல்களை 8 மைக்ரான் துளை வழியாக இறங்க வைக்கும் சோதனையும் தொடங்கலாமா?

---

பழைய_பைப்பெட்:

மன்னிக்கவும் தங்கச்சி. தாராளமாகத் தொடங்குங்கள். டிப், குழாய் எல்லாவற்றையும் முதல் நாளே ஃப்ரீசரில் வையுங்கள். மேட்ரிஜெல்லை ஐஸ் மேலேயே வைத்திருங்கள், கொஞ்சம் சூடு பட்டாலும் டிப்புக்குள்ளேயே கட்டிப்படும். பூசாத துளைத் தட்டையும் பக்கத்தில் வையுங்கள். அறுத்து இறங்கியதா, சும்மா இறங்கியதா என்று அப்போதுதான் தெரியும்.

தலைப்பு என்ன ஆயிற்று?

---

தட்டும்_டிப்பும்:

'12 மணி நேரத்தில் செல் நகர்வைக் குறைக்கும் சேர்மம்.' கைடு இந்த முறை உட்கார்ந்து படித்தார். 'குறைக்கும்' என்பதை அடித்துவிட்டு 'குறைப்பதாகத் தோன்றும்' என்று எழுதிக் கொடுத்தார்.