கிளாஸ் நைலான் மோல்டிங்கில் நீங்கள் பட்ட பாடு என்ன?

முதலில் என் கதை. அம்பத்தூரில் ஒரு சின்ன மோல்டிங் ஷாப்பில், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்திப் பாகம் செய்யும் இடத்தில், ஷிப்ட் பார்த்த காலம். 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் வண்டிக்கு ஒயர் பிராக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் மழை. முந்தின நாள் வரை நன்றாக வந்த பீஸ், அன்று காலை வெள்ளிக் கோடு கோடாக வந்தது. கையால் வளைத்தால் பிஸ்கட் மாதிரி முறிந்தது. ஹீட்டைக் குறைத்தேன், பிரஷரை ஏற்றினேன், எதற்கும் மசியவில்லை.

மூத்த ஃபோர்மேன் வந்து, உருகலைச் செலுத்தும் யூனிட்டை அச்சிலிருந்து பின்னுக்கு இழுத்து, மெட்டீரியலைத் தரையில் விடச் சொன்னார். அதன் முனையான நாசிலிலிருந்து விழுந்தது பொங்கிய பால் போல நுரைத்து, சீறிக்கொண்டே பரவியது. "செட்டிங்க தொடாத தம்பி. உள்ள தண்ணி இருக்கு" என்றார்.

பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டும் ஹாப்பரில் இருந்தது சாதாரண ஹாட் ஏர் டிரையர். மழைக்கால ஈரக் காற்றைச் சூடாக்கி அதையே உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. ஈரம் 0.2 சதவீதத்துக்கு மேல் போனால், மணிகளை உருக்கும் பேரலின் 280 டிகிரி சூட்டில் அந்தத் தண்ணீரே நைலானின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். அறுந்தது அறுந்ததுதான், அரைத்துத் திரும்பப் போட்டாலும் பலம் வராது. அப்புறம் காற்றின் ஈரத்தை எடுத்துவிட்டு ஊதும் டிஹியூமிடிஃபையர் டிரையர் வாங்கி, 80 டிகிரியில் 4 மணி நேரம் காயவைத்த பிறகே ஓட்டினோம். கோடு போய்விட்டது.

ஓசூர் நண்பர்: எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. மணியை நன்றாகக் காயவைத்து மோல்ட் செய்த நைலான் கிளிப், அசெம்பிளியில் மாட்டும்போதே உடைந்தது. மோல்டிலிருந்து வந்த சூட்டோடு நைலான் எலும்பாக உலர்ந்திருக்கும், வளைந்து கொடுக்காது. உருக்கும்போதுதான் ஈரம் ஆகாது, செய்து முடித்த பீஸுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். வெந்நீரில் ஊறப்போட்டுக் கொடுத்தோம், புகார் நின்றது.

கோவை நண்பர்: எங்களுடையது பம்பில் தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர். நைலான் இல்லை, கிளாஸ் கலந்த நோரில் என்ற வேறு பிளாஸ்டிக். நடுத் துளையின் ஓரத்தில், ஒரே இடத்தில் விரிசல். துளையை இரு பக்கமும் சுற்றி வரும் உருகல் சேரும் கோடு அது. அங்கே இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னாது, வெறும் பிளாஸ்டிக்தான் தாங்க வேண்டும். அச்சை மாற்றச் செலவானாலும் பரவாயில்லை என்று துளையைச் சுற்றி வட்டமாக மெட்டீரியல் இறங்கும்படி, உருகல் அச்சுக்குள் நுழையும் வாயான கேட்டை மாற்றினோம். அதற்குப் பிறகு விரிசல் இல்லை.

ஓசூர் நண்பரே, வெந்நீரில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள்?

ஓசூர் நண்பர்: பீஸின் கனத்தைப் பொறுத்தது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள். முன்னும் பின்னும் எடை போட்டு, 1.5 முதல் 2 சதவீதம் ஏறியதும் எடுத்துவிடுவோம்.