காஷ்மீர் பெரிய ஏரிகள் நடை: கையில ஒரே ஒரு ஓய்வு நாள், எங்க வைக்கலாம்?

தண்டையார்பேட்டை நால்வர்

வணக்கம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கத்துலேருந்து நாலு பேர் கிளம்பறோம். வயசு 29லேருந்து 46 வரைக்கும். ஆகஸ்ட் மூணாவது வாரம் சோனமார்க்ல ஏறி நாராநாக்ல இறங்கற பாதை. ஸ்ரீநகர்ல ரெண்டு நாள் தால் ஏரி, முகல் தோட்டம்லாம் பாத்துட்டு மூணாவது நாள் சோனமார்க் போறோம். மறுநாள் காலையிலேயே நடை ஆரம்பம். ராத்தங்கல் வரிசையா நிச்னாய், விஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல். ஆறாவது நாள் நாராநாக்.

வழிகாட்டியும் ரெண்டு குதிரையும் பேசியாச்சு. லீவுல ஒரு நாள் மிச்சம் இருக்கு. கங்காபல்ல வைக்கலாம், உடம்பு அசந்த பிறகு ஓய்வு எடுத்தா நல்லதுன்னு எங்கள்ல ரெண்டு பேர் சொல்றாங்க. அந்த நாளை எங்க வைக்கறது, அன்னைக்கு என்ன செய்யறது? இன்னொண்ணு, நம்ம ஏரியாவுல மேடுன்னா மேம்பாலம்தான். பயிற்சிக்கு என்ன வழி? ஒருத்தர் பிரஷர் மாத்திரை சாப்பிடறவர்.

காசிமேடு காத்து

கங்காபல் வேணாம் தலைவா. அங்க போய்ச் சேரும்போது நிச்னாய், கட்சர், ஜஜ்னு மூணு கணவாயும் முடிஞ்சிருக்கும். மிச்சம் இறக்கம் மட்டும்தான். ஹர்முக் மலையடியில உக்காந்து ஏரி பாக்க அருமையான இடம், மறுக்கல. ஆனா ஓய்வு தேவைப்படறது அதுக்கு முன்னாடி.

விஷன்சர்ல வைங்க. அடுத்த நாள் ஏற வேண்டிய கட்சர் கணவாய்தான் மொத்தப் பாதையிலயே உயரம், சுமார் 4,200 மீட்டர். அன்னைக்கு நடையும் நீளம், 16 கிலோமீட்டர் பக்கம் வரும். ஏற்றம் செங்குத்து, மண் சரிவு. மழை பெஞ்சு ஊறியிருந்தா குதிரையே வழுக்கும். ஆகஸ்ட்ல மத்தியானத்துக்கு மேல மழையும் இடியும் சகஜம், அதனால கணவாயை 11 மணிக்குள்ள தாண்டிடறது நல்லது. காலையிலேயே மழை புடிச்சுக்கிச்சுன்னா ஒரு நாள் நிக்கணும். அந்த மிச்ச நாளை முன்கூட்டியே செலவு பண்ணிட்டவங்கதான் மழையிலயும் ஏறிப் பாக்கறாங்க, தப்பு நடக்கறதும் அங்கதான்.

பெரம்பூர் படிக்கட்டு

மழை விஷயத்துல காசிமேடு அண்ணன் சொல்றது சரி. உயரத்தைப் பொறுத்தவரை நான் வேற சொல்வேன். தூங்கற இடத்தோட உயரத்தை மட்டும் வரிசையா எழுதிப் பாருங்க. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். சோனமார்க் 2,700. நிச்னாய் முகாம் 3,500. விஷன்சர் 3,700. அதுக்கப்புறம் கட்சர், சத்சர் ரெண்டும் ஏறக்குறைய அதே உயரம், கங்காபல் கொஞ்சம் கீழே. அதாவது விஷன்சர் தாண்டினா தூங்கற உயரம் ஏறவே இல்ல. பெரிய தாவல் மொத்தமும் முதல் ரெண்டு ராத்திரியில. 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாதுங்கறது மலை மருத்துவத்துல பொது விதி. சோனமார்க்லேருந்து நிச்னாய்க்கு ஒரே நாள்ல 800 ஏறறீங்க, அதுவும் ஒரே ஒரு ராத்திரி அங்க படுத்துட்டு. கடல் மட்டத்துல வாழற உடம்புக்கு இது அதிகம். 3,700ல காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கு கூட இல்ல.

இன்னொரு விஷயம் நிறைய பேர் யோசிக்கறதில்ல. நிச்னாய்ல ஒருத்தருக்கு முடியலன்னா நேரா கீழே இறங்கினா சோனமார்க், ரோடு, வண்டி. விஷன்சர் போன பிறகு முடியலன்னா, இறங்கறதுக்கே மறுபடி 4,100 மீட்டர் நிச்னாய் கணவாயை ஏறணும். உயரத்துல ஆக்ஸிஜன் கம்மியாகறதால வர்ற மலைநோய் வந்தவரை ஏத்தி இறக்கறது எவ்வளவு ஆபத்துன்னு சொல்லவே வேணாம். அதனால முடிவெடுக்க வேண்டிய இடம் நிச்னாய் முகாம், அங்க தூங்கி எழுந்த காலை. தலைவலியோட குமட்டல், தலைசுத்தல், கடுமையான அசதி இதுல ஏதாவது ஒண்ணு சேர்ந்திருந்தா அவர் அன்னைக்கு மேல ஏறக் கூடாது. அங்கேயே இருந்து தெளிஞ்சா போகலாம், இல்லன்னா கீழே. ஒரு நேர்க்கோட்டுல குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டற மாதிரி அடி வைக்கச் சொல்லுங்க. தள்ளாடினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. ராத்திரியா இருந்தாலும் துணையோட இறக்கிடணும்.

என் யோசனை: ஸ்ரீநகர் ரெண்டு நாள்ல ஒண்ணை சோனமார்க்குக்குக் குடுங்க, இன்னொண்ணைக் கடைசிக்குத் தள்ளுங்க. 1,600 மீட்டர்ல தங்கறதால மேல இருக்கற உயரத்துக்குப் பெரிசா பழக்கம் வராது. போன மறுநாளே சோனமார்க் போய் ரெண்டு ராத்திரி படுங்க, நடுவுல இருக்கற பகல்ல தாஜிவாஸ் பனியாறு பக்கம் நடந்துட்டு வாங்க. நிச்னாய் போற வழியில டேபிள் டாப்னு ஒரு புல்வெளி வரும், அங்க ஒரு ராத்திரி தங்கலாமான்னும் வழிகாட்டியைக் கேளுங்க. 800 ரெண்டாப் பிரியும். சோனமார்க் ரெண்டு ராத்திரி மட்டும்னா உங்க மிச்ச நாள் கை படாம அப்படியே இருக்கும், அதை விஷன்சர்ல மழைக்கு வச்சுக்கலாம்.

மலைநோய் வராம தடுக்கற டயமாக்ஸ் மாத்திரை பத்திக் கேப்பீங்க. தடுப்புக்கு வழக்கமா 125 மில்லிகிராம், காலை ஒண்ணு மாலை ஒண்ணு, ஏறறதுக்கு முந்தின நாள் ஆரம்பிக்கறது. விரல் நுனி மதமதப்பு, அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது ரெண்டும் இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க டாக்டர் கிட்ட சொல்லியாகணும். பிரஷர் மாத்திரை சாப்பிடறவர் தன் மாத்திரைச் சீட்டோட டாக்டரைப் பாக்காம இதைத் தொடவே கூடாது. சில பிரஷர் மாத்திரையும் நீரைப் பிரிக்கும், ரெண்டும் சேந்தா உடம்புல நீர் வத்தும்.

காசிமேடு காத்து

இறங்கறதுக்கே ஏறணும்ங்கற கணக்கு முக்கியமானது. ஒத்துக்கறேன். சோனமார்க் ரெண்டு ராத்திரி, விஷன்சர்ல மிச்ச நாள். இதுவே சரி.

தண்டையார்பேட்டை நால்வர்

ரொம்ப நன்றி. படகு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கோம், தேதியை கடைசிக்கு மாத்தித் தரச் சொல்றோம். விஷன்சர்ல மழை இல்லன்னாலும் ஒரு நாள் நிக்கலாமா? நின்னா கூடாரத்துலயே படுத்திருக்கறதா?

வண்ணாரப்பேட்டை அக்கா

நில்லுங்க தம்பி, கட்டாயம் நில்லுங்க. ஆனா படுத்தே கிடக்காதீங்க. நாள் பூரா படுத்தா மூச்சு ஆழம் குறையும், தலை கனக்கும், ராத்திரி தூக்கமும் வராது. காலைச் சாப்பாடு முடிச்சு மேல இருக்கற கிருஷன்சர் ஏரி வரைக்கும் நடங்க. அரை மணி, முக்கால் மணி ஏற்றம், நூறு மீட்டர் உயரம் கூடும். தோள்ல தண்ணி பாட்டிலும் மழைக்கோட்டும் மட்டும். பேசிக்கிட்டே நடக்க முடியற வேகம் போதும். மறுநாள் கட்சர் கணவாய்க்குப் போற பாதையும் அந்தப் பக்கமாத்தான் ஏறுது, எங்க செங்குத்து, எங்க மண் சரிவுன்னு நின்னு பாத்துடலாம். மத்தியானம் கீழே வந்துடுங்க.

திரும்பி வந்ததும் முதல் வேலை கால். ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்கற இன்சோலை வெளிய எடுத்து வெயில்ல வைங்க. ஷூவை நெருப்பு கிட்ட காய வைக்காதீங்க, அடிப்பாகத்துப் பசை விட்டுடும். கால்ல எங்கயாவது சிவந்து எரியுதுன்னா அது நாளைக்குக் கொப்புளம். இன்னைக்கே அந்த இடத்துல பிளாஸ்திரி ஒட்டிடணும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டினா தோலோட வந்துடும். நகத்தை ஊர்லயே கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வெட்டுங்க. நீளமா விட்டா நாராநாக் இறக்கத்துல பெருவிரல் நகம் கறுத்துடும், அங்க ஒரே நாள்ல 1,200 மீட்டருக்கு மேல இறங்கறீங்க. இறங்கும்போது கணுக்கால் கிட்ட கயிறை இறுக்கிக் கட்டினா விரல் முன்னாடி போய் இடிக்காது. ஊன்றுகோலையும் 5 சென்டிமீட்டர் நீட்டிக்கங்க.

ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அப்படியே குடிக்காதீங்க. சுத்தியும் ஆடு மேய்க்கற குஜ்ஜர், பகர்வால் கூட்டங்க கோடையில தங்கற இடம், மேல சரிவுல கழிவு இருக்கும். அந்த உயரத்துல தண்ணி 88 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால கொதி வந்த பிறகு 3 நிமிஷம் விடுங்க. குளோரின் மாத்திரை போட்டா பாக்கெட்ல போட்ட நேரத்தை விட அதிகம் காத்திருங்க, ஜில் தண்ணியில மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். ஆளுக்கு நாளைக்கு 3லேருந்து 4 லிட்டர் குடிக்கணும். ஓஆர்எஸ் பாக்கெட்ல போட்ட அளவு தண்ணியை முழுசா ஊத்திக் கரைங்க. கெட்டியா கரைச்சா வயிறு கலங்கும். ஏரியில குளிக்கறதும் சோப்பு போடறதும் வேணாம். வெளிக்குப் போறது தண்ணிக்கரையிலேருந்து 60 மீட்டராவது தள்ளி, குழி தோண்டி மூடணும்.

88 டிகிரிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. திறந்த பாத்திரத்துல பருப்பு லேசுல வேகாது, குதிரைக்காரர் குக்கர் வச்சிருக்காரான்னு கேளுங்க. கூடுதலா நிக்கற ஒரு நாளுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, 80 ரவை, 60 பாசிப்பருப்பு தனியாக் கட்டி வைங்க. குதிரைக்கு ஒரு நாள் கூலியும் கூடும், இப்பவே பேசிடுங்க. உயரத்துல பசி செத்துடும், புளிப்பும் காரமும் இருந்தாத்தான் உள்ள இறங்கும். ஒரு சின்ன டப்பா புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் கட்டாயம். வழியில கொறிக்க சௌகார்பேட்டையில காக்ரா (மெல்லிசான மொறுமொறு குஜராத்தி ரொட்டி) வாங்கிக்கங்க, கனமே இல்ல, வாரக்கணக்கா கெடாது. தேப்லா, அதாவது மெத்துன்னு இருக்கற குஜராத்தி சப்பாத்தி, முதல் மூணு நாளைக்குச் சரி.

சாராயம், தூக்க மாத்திரை ரெண்டும் மலையில ஆகவே ஆகாது. தூக்கத்துல மூச்சைக் குறைக்கும்.

பெரம்பூர் படிக்கட்டு

பயிற்சி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல நடக்காதீங்க, கன்டெய்னர் லாரிப் புகையும் புழுதியும் நுரையீரலுக்குக் கேடு. திருவொற்றியூர் கடற்கரையில பெரும்பாலும் கல் கொட்டியிருக்கறதால மணல்ல நடக்கவும் இடம் கம்மி. உங்களுக்கு வேண்டியது மாடிப்படி. ஒரு மாடி ஏறினா சுமார் 3 மீட்டர். நிச்னாய் முகாம்லேருந்து கணவாய்க்கு 600 மீட்டர், அதாவது 200 மாடி. தெரிஞ்சவங்க இருக்கற எட்டு மாடிக் கட்டடத்துல 25 தடவை ஏறி இறங்கினா அந்தக் கணக்கு வரும். முதல் வாரம் 6 தடவைல ஆரம்பிங்க, வாரத்துக்கு 3 நாள், விடியக்காலை 5 மணிக்கு. நாலாவது வாரத்துலேருந்து முதுகுல 5 கிலோ, தண்ணி பாட்டிலா நிரப்பிக்கங்க. லிஃப்ட்ல இறங்காதீங்க, தொடையும் முட்டியும் இறக்கத்துலதான் பழகணும். நாராநாக் அன்னைக்கு அழறது எல்லாம் முட்டிதான்.

குறைஞ்சது 8 வாரம் வேணும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயித்துக்கிழமை சூலூர்பேட்டை லோக்கல் புடிச்சு தடா இறங்கினா உப்பலமடுகு காடு இருக்கு. அனுமதி உண்டான்னு விசாரிச்சுட்டுப் போங்க. புது ஷூவை அங்க நனைச்சுப் பழக்கிடலாம். இவ்வளவும் காலுக்கும் நெஞ்சுக்கும்தான், உயரத்துக்கு இல்ல. படி நல்லா ஏறறவருக்கும் மலைநோய் வரும், வேகமாப் போறதால முதல்ல வரதும் உண்டு.

காசிமேடு காத்து

விட்டுப்போன மூணு. ஆகஸ்ட்ல அமர்நாத் யாத்திரை நடக்கற வருஷம்னா சோனமார்க் ரோட்டுல வண்டிகளை நேரம் வச்சுத்தான் விடுவாங்க, ஸ்ரீநகர்லேருந்து விடியக்காலையே கிளம்புங்க. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காது, நாலு பேர்ல ரெண்டு பேராவது போஸ்ட்பெய்டா மாத்திக்கங்க. பாதையில ராணுவ முகாம்கள்ல அடையாளம் பாப்பாங்க, அசல் ஆதார் பிளாஸ்டிக் உறையில இருக்கட்டும். கிளம்பற வாரத்துல பாதை திறந்திருக்கான்னு வழிகாட்டிக்கு ஒரு போன் போட்டுட்டு டிக்கெட்டை உறுதி பண்ணுங்க.